ஒரே மோல்டு, ஒரே பிபி கிரேடு, நிறம் மட்டும் வேறு: மூடி ஏன் கோணுகிறது?

#1 அச்சாணி

பிபி (பாலிபுரொப்பிலீன்) ஹோமோபாலிமர், உருகு ஓட்ட எண் 12. வட்ட மூடி, விட்டம் 90 மி.மீ., சுவர் 1.5 மி.மீ., கேட் (உருகு நுழையும் வாய்) நடுவில். இயல்நிறம், வெள்ளை, இரும்பு ஆக்சைடு சிவப்பு மூன்றும் கேஜில் சரியாக உட்காருகின்றன. நீலமும் பச்சையும் மட்டும் விளிம்பு அலையடிக்கிறது, விட்டத்திலும் 0.2 முதல் 0.3 மி.மீ. வித்தியாசம். பாரல் சூடு, ஹோல்டிங் பிரஷர், கூலிங் டைம், மோல்டு தண்ணீர் எதுவும் மாறவில்லை. எல்லா நிறத்துக்கும் மாஸ்டர்பேட்ச் (நிறமி செறிந்த குருணை) 2% தான். ஈரமும் இல்லை, கேரியர் ரெசினும் எல்லாவற்றிலும் ஒன்றே.

நிறமியால் மட்டுமே இப்படி ஆகுமா? ஆகுமென்றால் நியூக்ளியேட்டிங் ஏஜென்ட் (படிகம் தொடங்க உதவும் கருவாக்கி) போட்டுச் சரிக்கட்ட முடியுமா, எவ்வளவு போடுவது?

#2 நிறமிநேசன்

ஆகும். நீலம், பச்சை என்றதுமே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்: தாலோசயனைன். செப்புத் தாலோசயனைன் நீலமும், அதில் குளோரின் ஏற்றிய பச்சையும் பிபிக்கு வலுவான கருவாக்கிகள். நாம் நிறத்துக்காகப் போடுகிறோம்; உருகிய பிபிக்கு அது படிகம் தொடங்க ஒரு தளம்.

சாதாரண ஹோமோபாலிமரை நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்தால் படிகமாதல் உச்சம் 110–115 டிகிரியில் வரும். தாலோசயனைன் 0.1% இருந்தாலே அது 120-ஐத் தாண்டிவிடும். மோல்டுக்குள் இதற்கு என்ன பொருள் என்று பாருங்கள்.

முதலாவது, உருகு பாயும்போது சங்கிலிகள் பாயும் திசையில் இழுபட்டிருக்கும். வழக்கமாக அவை தளர்வதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். நீலத்தில் படிகம் முந்திக்கொள்வதால் அந்த இழுபட்ட நிலையிலேயே உறைகிறது. பாயும் திசைச் சுருக்கமும் குறுக்குச் சுருக்கமும் விலகிப்போகின்றன. நடு கேட் உள்ள வட்டத்தில் ஆரத்திசை அதிகம் சுருங்கினால் சுற்றளவு மிச்சப்பட்டு விளிம்பு சேணம் போல மேலும் கீழுமாக வளையும். சுற்றளவுத் திசை அதிகம் சுருங்கினால் கிண்ணம் போலக் குவியும். உங்கள் மூடி அலையடிக்கிறது என்றால் முதல் வகை.

இரண்டாவதை அநேகர் கவனிப்பதில்லை. கேட்டும் முன்னதாக உறைகிறது. ஹோல்டிங் டைம் 5 நொடி வைத்திருந்தாலும், கேட் 3.5 நொடியில் மூடிக்கொண்டால் பாக்கி நேரத்து அழுத்தம் ரன்னரோடு (கேட்டுக்கு உருகு வரும் வழி) நின்றுவிடும். விட்டம் மாறுவதில் இதற்கும் பங்குண்டு.

உறுதிப்படுத்த எளிய வழி: அதே சாயலை அல்ட்ராமரீன் நீலத்தில் செய்து ஓட்டுங்கள். அது படிகமாதலில் அநேகமாகத் தலையிடாது. நிறவலிமை குறைவு, அளவு பல மடங்கு வேண்டும், அமிலம் பட்டால் வெளிறும்; சோதனைக்கு அதெல்லாம் பரவாயில்லை. அலை மறைந்தால் குற்றவாளி நிறமிதான். டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு இரண்டும் பெரும்பாலும் சாது. குயினாக்ரிடோன் சிவப்பு மட்டும் சாது இல்லை. அது வேறு கதை, பிறகு யாராவது சொல்வார்கள்.

#3 வெப்பமானி

அல்ட்ராமரீன் சோதனை நல்லதுதான். அதற்கு முன் ஒரு டிஎஸ்சி (மாதிரியைச் சூடேற்றி இறக்கி வெப்ப ஓட்டத்தை அளக்கும் சோதனை) எடுத்துவிட்டால் மோல்டில் நேரம் மிச்சம்.

மூடியிலிருந்தே வெட்டுங்கள், மாஸ்டர்பேட்ச் குருணையைச் சோதிக்காதீர்கள், அதில் நிறமி 30–40% இருக்கும், அந்த எண் எதற்கும் உதவாது. 5 முதல் 7 மி.கி., தட்டையான ஒரே துண்டு, அடிப்பகுதி பானில் முழுதாகப் படிய வேண்டும். நைட்ரஜனில் 220 டிகிரி வரை ஏற்றி 5 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 50 வரை இறக்கி, அதே வேகத்தில் மறுபடி ஏற்றுங்கள். இறக்கத்தில் தொடக்க வெப்பநிலையும் உச்சமும், இரண்டாம் ஏற்றத்தில் உருகு வெப்பமும் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள்:

5 நிமிடம் நிறுத்தாமல் விட்டாலோ, 180-லேயே திருப்பிவிட்டாலோ பழைய படிகத் துணுக்குகள் முழுதாக அழியாது. அவையே கருவாகி, எதுவும் சேர்க்காத பிபி கூட 120-ல் படிகமாகும். கருவாக்கியே இல்லாத மாதிரியில் கருவாக்கி இருப்பதாகத் தெரியும்.

மாதிரி 12–15 மி.கி. போனால் வெப்பம் வெளியேறத் தாமதித்து உச்சம் அகன்று கீழே நகரும். இரண்டு நிறங்களை ஒப்பிடும்போது எடை வித்தியாசம் 0.5 மி.கி.க்குள் இருக்கட்டும்.

படிகத்தன்மை கணக்கு: உருகு வெப்பத்தை 207-ஆல் வகுங்கள் (முழுப் படிக பிபிக்கு கிராமுக்கு ஏறத்தாழ 207 ஜூல்). 97 ஜூல் வந்தால் 47%. ஃபில்லர் இருந்தால் முதலில் பாலிமரின் எடைப்பங்கால் வகுக்க வேண்டும். 20% டால்க் உள்ள மாதிரியை அப்படியே கணக்கிட்டு "டால்க் படிகத்தன்மையைக் குறைக்கிறது" என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படுகிற தப்பு.

#4 கோளப்படிகம்

கருவாக்கி போட்டால் படிகத்தன்மை ஏறுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது ஏறுவது சில சதவீதம்தான், சில சமயம் அதுவும் இல்லை. மாறுவது எண்ணிக்கை.

படிகமாதலில் இரண்டு கட்டம்: கரு தோன்றுவது, கருவிலிருந்து படிகம் வளர்வது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் வளரும் வேகம் பாலிமரின் சொந்தக் குணம். கருவாக்கி அதைத் தொடுவதில்லை. கருவின் எண்ணிக்கை ஆயிரம் மடங்கு, அதற்கும் மேல் கூடும்போது ஒவ்வொரு ஸ்பெருலைட்டும் (கோள வடிவப் படிகத் திரள்) பக்கத்து ஸ்பெருலைட்டை மோதும் முன் கொஞ்ச தூரமே வளரமுடிகிறது. 50–100 மைக்ரான் இருந்தது சில மைக்ரானுக்கோ அதற்கும் கீழோ போய்விடும். எல்லாரும் கொஞ்ச தூரமே ஓடினால் போதும் என்பதால் ஓட்டமும் சீக்கிரம் முடிகிறது. படிகமாதல் காலம் குறைவதன் காரணம் இது.

ஏன் சில பொருள் கருவாகிறது, சிலது ஆகவில்லை? பரப்பில் அணுவரிசைகளின் இடைவெளி, பிபி சங்கிலிகளின் இடைவெளியோடு நெருங்கிப் பொருந்த வேண்டும். சோடியம் பென்சோயேட்டை விட்மனும் லோட்ஸும் இப்படித்தான் விளக்கினார்கள். எனவே "நுண்ணிய பொடி எதைப் போட்டாலும் கருவாகும்" என்பது தவறு. ஸ்டியரிக் அமிலம் பூசிய கால்சியம் கார்பனேட் எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் மந்தமான கருவாக்கிதான்.

ஒரு கருவாக்கி எவ்வளவு வலுவானது என்று அளக்க 1993-ல் ஃபில்லோன், லோட்ஸ், தியெரி, விட்மன் தந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பாலிமரைத் தன் சொந்தப் படிகத் துணுக்குகளாலேயே கருவூட்டினால் எட்டக்கூடிய உச்சம் 100. எதுவும் சேர்க்காத பாலிமர் 0. பிபியில் மேல் எல்லை 140 டிகிரியை ஒட்டி வரும். அதாவது 112-ஐ அடியாக வைத்து, உங்கள் நீலம் 124 காட்டுகிறது என்று கொண்டால் (124−112) ÷ (140−112), சுமார் 43%. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் விற்பனைத் தாளில் எழுதியிருப்பதை எடைபோடலாம்.

#5 அச்சாணி

டிஎஸ்சி வெளியே கொடுத்து எடுத்தாயிற்று. இயல்நிறம் 113, வெள்ளை 115, நீலம் 124, பச்சை 123. நிறமிதான். இனி எதைச் சேர்ப்பது?

#6 கலவைக்கூடம்

இரண்டு வழி உண்டு. கருவூட்டாத நிறமிக்கு மாறுவது ஒன்று; நிறவலிமையும் விலையும் ஒத்துவந்தால் அதுவே சுத்தமான தீர்வு. இன்னொன்று, எல்லா நிறத்திலும் நீலத்தைவிட வலுவான ஒரு கருவாக்கியைப் போட்டு, நிறமிக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுவது. இரண்டு கருவாக்கி சேர்ந்தால் விளைவு கூடாது. குளிரும்போது எது அதிக வெப்பநிலையில் வேலையைத் தொடங்குகிறதோ அதுவே எல்லாவற்றையும் முடித்துவிடும், மற்றது வேடிக்கை பார்க்கும். அதனால் நீலம் 124 என்றால் நீங்கள் போடுவது 126–127-ஆவது தரவேண்டும். 119 தரும் டால்க்கைப் போட்டு நீலத்தை அடக்க முடியாது.

வழக்கில் உள்ளவை, ஹோமோபாலிமரில்:

டால்க், 1–3 மைக்ரான்: 0.5–1%. உச்சம் 118–122. மலிவு, ஆனால் மங்கலாக்கும்.

சோடியம் பென்சோயேட்: 500–1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). 120-ஐ ஒட்டி. ஈரம் இழுக்கும், கட்டி தட்டும். பொடியாக நேரே ஹாப்பரில் போடுவது வேலைக்கு ஆகாது.

ஆர்கனோபாஸ்பேட் சோடியம் உப்பு, என்ஏ-11 வகை: 500–1500 பிபிஎம். 125-க்கு மேல். விறைப்புக்கும் வெப்பத்தாங்கலுக்கும் நல்லது. பிபி பதப்படும் சூட்டில் இது உருகவே உருகாது. பரவல் மோசமானால் விளைவும் பாதி.

இருவளைய டைகார்பாக்சிலிக் அமில சோடியம் உப்பு, ஹைபர்ஃபார்ம் 68 வகை: 500–1000 பிபிஎம். 126–130. இரு திசைச் சுருக்கத்தையும் சமமாக வைத்திருப்பதில் பெயர் பெற்றது. உங்கள் பிரச்சினை வளைவு என்பதால் முதலில் இதை முயலலாம். பாஸ்பேட் வகை விறைப்பில் சளைத்ததில்லை, ஆனால் திசைவேறுபாட்டில் இவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.

சார்பிட்டால் கிளாரிஃபையர்: 1500–2500 பிபிஎம். தெளிவுதான் இதன் வேலை. ஒளிபுகாத நிற மூடிக்கு இது வீண் செலவு.

மாஸ்டர்பேட்சாக வாங்குங்கள். 5% சரக்குள்ள பேட்சை 2% போட்டால் 1000 பிபிஎம். 25 கிலோ மூட்டைக்கு 500 கிராம். அரை கிராம், ஒரு கிராம் என்று தனிப்பொடியைக் கலக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு ஷாட்டில் 300, அடுத்ததில் 2000 என்று போகும்.

#7 எழுதப்படாதசட்டம்

@கலவைக்கூடம் சொன்னதோடு ஒன்று. கால்சியம் ஸ்டியரேட்டை மறக்காதீர்கள். கேட்டலிஸ்ட் எச்சத்தில் உள்ள குளோரைடை அடக்கப் பல கிரேடுகளில் சில நூறு பிபிஎம் ஏற்கெனவே இருக்கும். மாஸ்டர்பேட்சிலும் நிறமியை நனைக்க ஸ்டியரேட் போடுவார்கள். டைகார்பாக்சிலேட் சோடியம் உப்பு, சோடியம் பென்சோயேட் போன்றவற்றோடு அது அயனியை மாற்றிக்கொள்ளும். கருவாக்கியின் பரப்பு கெட்டு, 128 வரவேண்டியது 122-ல் நின்றுவிடும். பேட்சில் அளவு சரி, பரவல் சரி, ஆனால் டிஎஸ்சி ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல். அமிலம் பிடிக்க ஹைட்ரோடால்சைட் உள்ள கிரேடுக்கு மாறினால் அந்த 5–6 டிகிரி திரும்பி வரும்.

ரெசின் சப்ளையரிடம் "அமிலநீக்கி என்ன?" என்று ஒரு வரியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நிறைய பேர் கேட்பதே இல்லை.

#8 சுழற்சிநேரம்

கருவாக்கி போட்டால் சைக்கிள் டைம் 30% குறையும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். நம்பலாமா?

#9 வெப்பமானி

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தட்டையான சுவரின் நடுப்பகுதி குளிர ஆகும் காலம்:

காலம் = தடிமன்² ÷ (9.87 × வெப்பப்பரவல்) × இயல்மடக்கை[1.273 × (உருகு − மோல்டு) ÷ (வெளியேற்றம் − மோல்டு)]

பிபிக்கு வெப்பப்பரவலை 0.085 மி.மீ.²/நொடி என்று வைப்போம். சுவர் 2 மி.மீ., உருகு 230, மோல்டு 30.

கருவாக்கி இல்லாமல் 90 டிகிரிக்கு வந்தால்தான் எஜெக்டர் பின் தழும்பில்லாமல் வெளியே தள்ளமுடியும் என்று கொண்டால்: 4.77 × இயல்மடக்கை(4.24) = 6.9 நொடி.

கருவாக்கியோடு முன்னதாக விறைப்பதால் 105-லேயே தள்ளலாம் என்றால்: 4.77 × இயல்மடக்கை(3.40) = 5.8 நொடி.

மிச்சம் 1.1 நொடி, கூலிங்கில் 15%. மொத்த சைக்கிள் 14 நொடி என்றால் அதில் 8% மட்டும். படிகமாகும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் இந்தச் சூத்திரத்தில் இல்லை. அதை நீக்கியே ஆகவேண்டும், கருவாக்கி அதைக் குறைப்பதில்லை. தடித்த சுவரில் கூலிங் நேரம் சைக்கிளில் பெரும்பங்கு என்பதால் ஆதாயம் கூடத் தெரியும். 0.5 மி.மீ. கப்பில் ரோபோ கை உள்ளே போய் வரும் நேரமே சைக்கிளைத் தீர்மானிக்கிறது. அங்கே 30% என்பது பேச்சுக்குத்தான்.

#10 தெளிவுதேடி

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சிக்கல் வேறு: ராண்டம் கோபாலிமரில் சார்பிட்டால் கிளாரிஃபையர் 2000 பிபிஎம். டப்பா தெளிவாக வருகிறது, ஆனால் அங்கங்கே வெள்ளைப் புள்ளி. சில நாள் எல்லாமே மங்கல்.

#11 கலவைக்கூடம்

பாரல் சூடு எவ்வளவு? 200-ஐ ஒட்டி ஓட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

சார்பிட்டால் வகை மற்ற கருவாக்கிகளைப் போலத் திடத்துகளாக நின்று வேலை செய்வதில்லை. உருகிய பிபியில் முழுதாகக் கரைய வேண்டும். குளிரும்போது அது முதலில் பிரிந்து, மெல்லிய இழைகளாகப் பின்னி வலையாகும். அந்த இழைகளின் பரப்பில்தான் பிபி படிகமாகிறது. இழை நானோமீட்டர் அளவில் இருப்பதால் ஒளியைச் சிதறடிக்காது, அதில் பிறக்கும் படிகங்களும் நுண்ணியவை. டால்க் கருவூட்டினாலும் தெளிவு தராததன் காரணம் இதிலேயே இருக்கிறது: துகளே மைக்ரான் அளவு, ஒளிவிலகல் எண்ணும் பிபியோடு ஒத்துப்போகாது.

கரையாமல் போனால் வெள்ளைப் புள்ளி. டைமெத்தில் வகை தனியாக உருகுவது 275 டிகிரியை ஒட்டி. பிபிக்குள் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கரையும், என்றாலும் உருகின் உண்மை வெப்பநிலை 220–240 இருக்கட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் காட்டும் எண்ணை நம்பாமல், பாரலிலிருந்து வெளியே தள்ளிய (பர்ஜ் செய்த) உருகில் ஊசி வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். பேக் பிரஷர் கொஞ்சம் ஏற்றினால் கரைதல் சீராகும். 260-க்கு மேல் போனால் ஆல்டிஹைடு வாசனை வரும், வென்ட்டில் (மோல்டின் காற்றுப்போக்கி) வெள்ளைப் படிவு சேரும்.

"சில நாள் எல்லாமே மங்கல்" என்பதற்கு மோல்டு வெப்பத்தைப் பாருங்கள். கோடையில் சில்லர் திணறி மோல்டு 20-லிருந்து 40-க்குப் போனால் ஸ்பெருலைட் பெரிதாகி மங்கல் ஏறும். அளவை ஏற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள். கரையக்கூடிய எல்லையைத் தாண்டினால் கூடுதல் கிளாரிஃபையரே மங்கலாகும்.

#12 தெளிவுதேடி

205-ல்தான் ஓட்டுகிறோம். 230 வைத்துப் பார்க்கிறேன். நன்றி அண்ணா.

#13 குழாய்வழி

#2-ல் நிறமிநேசன் விட்டுப்போன குயினாக்ரிடோன் கதை. காமா குயினாக்ரிடோன் சிவப்பு பிபியைப் பீட்டா வடிவத்தில் (சங்கிலிகள் வேறு விதமாக அடுங்கும் படிக வகை) படிகமாக்கும் என்பது 1967-லேயே லாய்கெரிங் காட்டியது. வழக்கமான ஆல்ஃபா 165-ஐ ஒட்டி உருகும். பீட்டா 150-ஐ ஒட்டி. பீட்டாவில் விறைப்பு குறைவு, அடிதாங்கும் திறன் கூடுதல். குழாய், பாட்டரி பிரிப்பான் படலம் போன்றவற்றில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். கால்சியம் பிமலேட், நாப்தலீன் டைகார்பாக்சமைடு வகை இரண்டும் இதற்கான பீட்டா கருவாக்கிகள்.

பிடி எங்கே என்றால், பீட்டா வேகமாக வளர்வது ஏறத்தாழ 100–140 டிகிரிக்குள் மட்டும். குழாயை டையிலிருந்து வெளிவந்ததும் 15 டிகிரி தண்ணீரில் முக்கினால் வெளித்தோல் அந்த இடைவெளியை நொடியில் கடந்து ஆல்ஃபாவாகிவிடும். உள்சுவர் மட்டும் பீட்டா. சிக்கல் வெளியே தெரியாது, அழுத்தச் சோதனையில்தான் தெரியும். முதல் தொட்டியின் தண்ணீரைச் சூடாக்கி வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதே வழி. இன்னொன்று: பீட்டா பேட்சோடு தாலோசயனைன் நீலத்தைச் சேர்க்காதீர்கள். நீலம் ஆல்ஃபாவை உயர்ந்த வெப்பநிலையிலேயே தொடங்கிவிடும், பீட்டா அநேகமாகக் காணாமல் போகும்.

டிஎஸ்சியில் பார்க்க முதல் ஏற்றத்தையே எடுங்கள். 150, 165 என்று இரட்டை உச்சம் வரும். இரண்டாம் ஏற்றம் கருவியின் குளிர்விப்பைக் காட்டும், குழாயினுடையதை அல்ல.

#14 நைலான்நாதன்

பிபியையே சுற்றிக்கொண்டிருக்கிறோம். குளிரும்போது படிகத்தைத் தாமதப்படுத்தும் சேர்மானமும் உண்டு என்பதையும் பதிந்துவைக்கிறேன்.

நைலான் 6, 66-ல் கறுப்புக்கு நிக்ரோசின் போட்டால் படிகமாதல் உச்சம் சில டிகிரி இறங்கும். அது உருகில் கரைகிறது. கார்பன் பிளாக் கரைவதில்லை, அது கருவாக நின்று உச்சத்தை ஏற்றும். இரண்டும் கறுப்புதான், மோல்டில் நடத்தை எதிரெதிர். கண்ணாடியிழை 30% உள்ள பாகத்தில் நிக்ரோசினால் தோல் உறைவது தாமதமாகி, ரெசின் இழைகளை மூடிப் பளபளப்பான மேற்பரப்பு கிடைக்கும். கார்பன் பிளாக்கில் அதே பாகம் இழை தெரிந்து சொரசொரப்பாக வரும். நிக்ரோசினிலிருந்து கார்பன் பிளாக்குக்கு மாறி, பழைய செட்டிங்கிலேயே ஓட்டுவதில் அர்த்தமில்லை. மோல்டு சூட்டையும் இன்ஜெக்ஷன் வேகத்தையும் ஏற்ற வேண்டும்.

லித்தியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளும் அமைடு தொகுதியைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் பிணைப்பைக் கெடுத்துப் படிகத்தைத் தாமதப்படுத்தும். நைலான் 6-ஐ வேகப்படுத்த நுண்டால்க் 0.1% போதும், அதற்கு மேல் போட்டு என்ன பயன்?

#15 கோளப்படிகம்

பெட் (பாட்டில் செய்யும் பாலியெஸ்டர்) பிளாஸ்டிக்கையும் சேர்த்துக்கொள்ளலாம், அங்கே நடப்பது வேதியியல். பெட் மெதுவாகப் படிகமாகும் ஆள். குளிர்ந்த மோல்டில் ஊற்றினால் கண்ணாடி போல உறைந்துவிடும். சோடியம் பென்சோயேட் போட்டால் அது துகளாக நிற்காமல் எஸ்டர் சங்கிலியைத் தாக்கி வெட்டி, முனையில் சோடியம் கார்பாக்சிலேட்டை விட்டுச்செல்கிறது. அந்த அயனி முனைகள் திரண்டு கருவாகின்றன. லெக்ரா, மெர்சியர், நீல்ட் மூவரும் 1983-ல் இதை வேதிக் கருவாக்கம் என்று விளக்கினார்கள். விலை என்ன? சங்கிலி வெட்டுப்படுகிறது, மூலக்கூறு எடை இறங்குகிறது, பாகம் நொறுங்குகிறது. ஈரம் 50 பிபிஎம்-க்கு மேல் இருந்தால் நீராற்பகுப்பும் சேர்ந்துகொள்ளும். சோடியம் அயனோமர் வழியாக அயனியைக் கொடுத்தால் இந்தச் சேதம் குறைவு.

பிஎல்ஏவும் (பாலிலாக்டிக் அமிலம்) இதே மந்த வகைதான். டால்க் 1% கருவைத் தரும், ஆனால் சங்கிலி நகரவே சிரமப்படும்போது கரு மட்டும் இருந்து பயனில்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் அல்லது சிட்ரேட் போன்ற பிளாஸ்டிசைசரும் சேர்ந்தால்தான் பாதி படிகமாகும் காலம் பல நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வரும். மோல்டும் 90–110 டிகிரியில் இருக்க வேண்டும். டி-லாக்டைடு அதிகமுள்ள கிரேடு என்றால் இவை எதுவும் கைகொடுக்காது. அது படிகமாகவே மாட்டேன் என்று நிற்கும்.

#16 அச்சாணி

நல்ல செய்திகள். என் மூடிக்கு வருவோம். டைகார்பாக்சிலேட் வகை பேட்ச், ஹைட்ரோடால்சைட் உள்ள கிரேடு இரண்டும் கிடைத்துவிட்டன. சோதனையை எப்படி அமைப்பது? டிஎஸ்சி ஏறிவிட்டால் மூடியும் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#17 வெப்பமானி

எடுத்துக்கொள்ளக் கூடாது. டிஎஸ்சியில் நிமிடத்துக்கு 10 டிகிரி. 1.5 மி.மீ. சுவரின் நடுவே நொடிக்குப் பல டிகிரி, தோலில் நொடிக்கு நூற்றுக்கணக்கில். நொடிக்கு 100 டிகிரியை ஒட்டிப் போனால் பிபி ஆல்ஃபாவுக்கே போகாமல் அரைகுறை ஒழுங்குள்ள நிலையில் உறைந்துவிடும். அங்கே எந்தக் கருவாக்கியும் பெரிதாக உதவாது. கருவாக்கிகளை வரிசைப்படுத்த டிஎஸ்சி போதும். அளவு தீர்மானிக்க மூடிதான்.

#18 கலவைக்கூடம்

ஐந்து ஓட்டம் போதும்:

1. இயல்நிறம், கருவாக்கி இல்லாமல்
2. நீலம், கருவாக்கி இல்லாமல்
3. இயல்நிறம் + 1000 பிபிஎம்
4. நீலம் + 500
5. நீலம் + 1000

வரிசையை மாற்றாதீர்கள். கருவாக்கி இல்லாதவை முதலில். பாரலில் ஒட்டியிருக்கும் மிச்சம் மீதியே கருவூட்டப் போதுமானது. டிரைஅமைடு வகைக் கருவாக்கி 100–200 பிபிஎம்-லேயே வேலை செய்யும் என்றால் மிச்சத்தின் பலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாரல் கொள்ளளவில் நாலு மடங்காவது தள்ளுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் கேட் உறையும் நேரத்தைத் தனியாக எடுங்கள்: ஹோல்டிங் டைமை அரை நொடி அரை நொடியாக ஏற்றி மூடியை எடைபோட்டால், எடை நிற்கும் இடம் அது. கருவூட்டியதில் அது முன்னே வரும். ஹோல்டிங் அழுத்தத்தை ஏற்றி அந்தக் குறைந்த நேரத்துக்குள் நிரப்பப் பாருங்கள்.

20 ஷாட் நிலைப்பட்ட பிறகு 10 மூடி. 23 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து அளவெடுங்கள், சூடாக இருக்கும்போது எடுத்த எண் எதற்கும் ஆகாது. விட்டம் 0, 45, 90, 135 டிகிரி என நான்கு கோணத்தில். மூடியைக் கிரானைட் தளத்தில் கவிழ்த்து, விளிம்பின் கீழே ஃபீலர் கேஜ் எவ்வளவு நுழைகிறது என்று எட்டு இடத்தில் பாருங்கள். ஒரு வாரம் கழித்து அதே மூடிகளை மறுபடி அளங்கள். கருவூட்டியதில் பின்சுருக்கம் குறைவாக இருக்கும்.

3-ம் 5-ம் ஒரே அளவு தந்தால் நிறமி அடங்கிவிட்டது. 4-லேயே தந்தால் 500 போதும், வீணாக ஏற்றாதீர்கள். அளவு மீறினால் விறைப்பு கூடி அடிதாங்கல் இறங்கும், கீல் உள்ள மூடி என்றால் கீலில் தெரியும்.

#19 நிறமிநேசன்

ஒரு எச்சரிக்கை. 3-ம் 5-ம் ஒன்றாக வந்தாலும், 1-லிருந்து இரண்டுமே விலகியிருக்கும். மோல்டு வெட்டியது கருவாக்கி இல்லாத பிபியின் சுருக்கத்துக்கு. புதிய சுருக்கம் 0.2% மாறினாலே 90 மி.மீ.க்கு 0.18 மி.மீ. வெள்ளையும் சிவப்பும் இப்போது கேஜில் உட்காருகின்றன. நாளை எல்லா நிறமும் ஒரே மாதிரி, ஆனால் எல்லாமே கேஜுக்கு வெளியே என்று ஆகலாம். ஹோல்டிங் அழுத்தத்தில் 0.1 மி.மீ. வரை ஈடுகட்டலாம். அதற்கு மேல் என்றால் மோல்டின் கோரைத் (உள்வடிவம் தரும் பாகம்) திருத்த வேண்டும்.

#20 அச்சாணி

கோர் இன்செர்ட் தனியாகக் கழற்றக்கூடியதுதான். முதலில் ஐந்து ஓட்டத்தையும் முடித்து எண்களைப் போடுகிறேன்.

#21 எழுதப்படாதசட்டம்

கோரில் கை வைக்கும் முன் மூடி சேரும் பாட்டிலின் கழுத்தையும் அளந்துகொள்ளுங்கள். அதுவும் எச்டிபிஇ (உயர் அடர்த்தி பாலிஎத்திலீன்) நீலமாக இருந்தால் அங்கேயும் தாலோசயனைன் தன் வேலையைக் காட்டியிருக்கும். எச்டிபிஇ இயல்பாகவே வேகமாகப் படிகமாவதால் டிஎஸ்சியில் ஓரிரு டிகிரி மட்டுமே ஏறும், திசைச்சுருக்கம் மட்டும் நன்றாகவே விலகியிருக்கும்.